கண்ணோரக் கோடுகள்

கடை திறக்கக் கால் மணி நேரம் இருந்தது. அழகுப் பொருள் பிரிவின் விற்பனைப் பெண்கள் ஐந்து பேரும் கவுன்டருக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். மேலாளர் ஒவ்வொருத்தியின் நகத்தையும் காலரையும் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசியில், எல்லோரும் 'கிரீம் அக்கா' என்று கூப்பிடுகிறவளை மட்டும் முகத்தை விளக்குக்கு நேராகத் தூக்கச் சொன்னார்.

"சிரிங்க, பார்க்கலாம்."

சிரித்தாள்.

"கண்ணோரத்துல எத்தனை கோடு பாருங்க. சுருக்கம் போக்குற கிரீம் விக்கிறவங்க மூஞ்சியே இப்படி இருந்தா, வாங்க வர்றவங்க என்ன நினைப்பாங்க?"

மற்ற நால்வரும் தரையைப் பார்த்தார்கள். சிரிப்பை எப்போது இறக்குவது என்று தெரியாமல் அவள் அப்படியே நின்றாள்.

அவளுக்கு வயது நாற்பத்தெட்டு. பத்தொன்பது வருடமாக அதே கவுன்டர். அவள் விடுப்பில் இருந்தால் மறுநாள் வருகிறோம் என்று திரும்பிப் போகிறவர்கள் இருந்தார்கள். அன்று காலையும் ஒரு பள்ளி ஆசிரியை வந்து, இருப்பதிலேயே விலை கூடிய டப்பாவைக் காட்டினாள்.

"மூஞ்சி கழுவி அரைமணி நேரம் எதுவும் போடாம விட்டா எப்படி இருக்கும்மா? இழுக்குதா, எண்ணெய் வழியுதா?"

"இழுக்கும்."

"அப்ப இது உங்களுக்கு வேண்டாம். இன்னும் காய வெச்சிடும். இதை எடுத்துக்கங்க, விலையும் பாதிதான். முதல்ல காதுக்குப் பின்னாடி ரெண்டு நாள் தடவிப் பாருங்க. பகல்ல சன்ஸ்கிரீன் போடாம வெயில்ல அலைஞ்சா எந்தக் கிரீமும் ஒண்ணும் பண்ணாது, சொல்லிட்டேன்."

'பாதி விலை' மேலாளர் காதில் விழுந்தது. ஆசிரியை போனதும் அவர் ஒரு புது டப்பாவைக் கொண்டுவந்து வைத்தார்.

"ரெட்டினால்ங்கற மருந்து இதுல கூடுதலா இருக்கு. நாலே வாரத்துல கோடு மறையும்னு போஸ்டர் போட்டிருக்கோம். நீங்களே போட்டுக் காட்டுங்க."

"என் தோல் ரொம்ப மெல்லிசு சார். இதெல்லாம் வாரத்துக்கு ரெண்டு தடவைன்னு மெதுவா ஆரம்பிக்கணும்."

"மெதுவாப் போறதுக்கு எங்க நேரம்? தினம் போடுங்க. முடியாதுன்னா கீழே ஸ்டோர்ல ஆள் கேக்கறாங்க."

சரக்கு அடுக்கும் ஸ்டோரில் விற்பனைக்கான கமிஷன் கிடையாது. மகள் நர்சிங் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். கிரீமைக் காதுக்குப் பின்னால் தடவியதில் மறுநாளே அந்த இடம் சிவந்து அரித்தது. வேறு யாராவது அந்தக் காதைக் காட்டியிருந்தால் டப்பாவைப் பிடுங்கி வைத்திருப்பாள். அன்றிரவு முகம் முழுக்கப் பூசிக்கொண்டாள்.

ஆறாம் நாள் மூக்கோரமும் கன்னமும் உரியத் தொடங்கின. கிடங்கில் காவல் வேலை பார்க்கும் கணவர் சாப்பிட்டுக்கொண்டே அவளைப் பார்த்தார்.

"என் மூஞ்சில இருக்கற சுருக்கத்துக்கு எங்க முதலாளி அனுபவம்னு பேர் வெச்சிருக்காரு. உனக்கு மட்டும் என்னடி வந்துச்சு?"

சிரிப்பு வந்தது. சிரித்ததில் உதட்டோரம் வெடித்து ரத்தம் கசிந்தது.

ஒன்பதாம் நாள் மேக்கப்பை அப்பிக்கொண்டு நின்றாள். உரிந்த தோலின் மேல் அது திட்டுத் திட்டாக நின்றது. வாடிக்கைக்காரி ஒருத்தி பதறிப்போனாள்.

"ஐயோ அக்கா, என்ன ஆச்சு? எதைப் போட்டீங்க?"

போஸ்டருக்குப் பக்கத்தில் மேலாளர் நின்றிருந்தார்.

"அடுப்புல எண்ணெய் தெறிச்சிடுச்சும்மா," என்றாள்.

மாலையில் மேலாளர் கூப்பிட்டார். "இந்த மூஞ்சியோட கவுன்டர்ல நிக்க முடியாதும்மா. நாளையில இருந்து ஸ்டோர்."

"நீங்க சொல்லித்தானே சார் போட்டேன்?"

"எரிஞ்சா நிறுத்தணும்னு டப்பாவுலயே எழுதியிருக்கே. பத்தொன்பது வருஷமா இருக்கீங்க, உங்களுக்குத் தெரியாதா?"

ஸ்டோருக்கு ஜன்னல் கிடையாது. பெட்டிகளைப் பிரித்து, எண்ணி, அடுக்க வேண்டும். ஒரு மாதத்தில் முகம் ஆறியது. மேலே போய்க் காட்டினாள். அவள் இடத்தில் இருபது இருபத்தொரு வயதுப் பெண் ஒருத்தி நின்றிருந்தாள். மேலாளர் நிமிர்ந்து ஒருமுறை பார்த்துவிட்டு, "சொல்லி அனுப்பறேன்," என்றார்.

அடுத்த வாரம் ஸ்டோரில் தொலைபேசி அடித்தது. அந்தப் புதுப் பெண்தான். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"அக்கா, ஒருத்தங்க அந்தப் புதுக் கிரீம் கேக்கறாங்க. என்னென்னவோ சந்தேகம் கேக்கறாங்க, எனக்கு ஒண்ணும் புரியலக்கா."

அவள் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். "வயசு என்ன இருக்கும்?"

"முப்பத்தஞ்சு."

"மாசமா இருக்காங்களான்னு கேளு."

மேலே ஏதோ பேச்சு நடந்தது. "ஆமாக்கா, நாலு மாசமாம்."

"அப்ப ரெட்டினால் தொடவே கூடாது. குழந்தை பொறந்தப்புறமும் டாக்டரைக் கேட்டுட்டுத்தான் போடணும்னு சொல்லு. இப்போதைக்கு வாசனை சேர்க்காத ஈரப்பதக் கிரீம், மூணாவது தட்டுல நீல மூடி. அது போதும்."

பெண் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்வது கேட்டது. போனைத் துண்டிக்க அந்தப் பெண் மறந்திருந்தாள்.

"இந்த வயசுலயே எவ்வளவு விஷயம் தெரிஞ்சு வெச்சிருக்கே!" என்றது ஒரு பெண் குரல். "நல்லவேளை உன்கிட்ட கேட்டேன்."

"நம்ம பொண்ணுங்களுக்கு நாங்க குடுக்கற ட்ரெய்னிங் அப்படிங்க," என்று மேலாளர் சிரித்தார்.

பில் போடும் சத்தம் கேட்டது. பை சரசரத்தது. கிரீம் அக்கா ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, வந்தவள் காலடி ஓசை தேய்ந்து மறையும்வரை உட்கார்ந்திருந்தாள்.