ஒரு கட்டை மேலே

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் ஏற்கெனவே ஒரு தடவை எழுதிவிட்டேன். இருபத்தெட்டு வருடம் ஆகிறது. ஒரு வாரப் பத்திரிகையில் ஒன்றரைப் பக்கத்துக்கு வந்தது. ராக் குழு ஒன்றின் பாடகர், தொண்டை போய்விட்டது என்று எல்லோரும் கைவிட்ட பிறகு, தன் பழைய பாட்டை மறுபடி பதிவுசெய்ய வருகிறார். அந்த உச்ச சுரத்தைப் பிடித்துவிடுகிறார். கதை அங்கேயே டக்கென்று நின்றுவிடும். "என்ன முடிவு ஐயா!" என்று வந்த கடிதங்களை இன்னும் வைத்திருக்கிறேன்.

இப்போது என் பழைய கதைகளைத் தொகுக்கிறார்கள். "அந்தக் கதைய மட்டும் லேசா ஒரு தடவ பாத்துக் குடுங்க சார்" என்றார் பதிப்பாளர். நான்கு மாதமாக லேசாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பழைய முதல் வரி: "சிங்கம் போலப் படியேறினார்." எனக்கு அப்போது முப்பது வயது. சிங்கங்கள் சுலபமாகக் கிடைத்தன. இப்போது அதை இப்படி மாற்றினேன்:

அவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக, முழங்காலைத் திட்டிக்கொண்டே—

வேண்டாம். லிஃப்டில் போகட்டும். அவரும் களைத்திருக்கிறார், நானும் களைத்திருக்கிறேன்.

2

லிஃப்டில் போகிறவருக்கு அறுபத்தெட்டு வயது. ஊர் அவருக்கு வைத்த பெயர் சைரன். குழுவின் ஒரே பெரிய வெற்றி "இறங்கி வா" என்ற பாட்டு. கீழே தெருவில் நிற்கும் ஒருவன் மாடியில் இருக்கும் பெண்ணைக் கூப்பிடுகிறான், அவ்வளவுதான் விஷயம். இறங்கி வா, இறங்கி வா என்று சொல்லிக்கொண்டே குரல் மட்டும் ஏறிக்கொண்டே போகும். கடைசி "வா"வில் அது எங்கே போய் நிற்கும் என்பது அந்தக் காலத்தில் ரேடியோ வைத்திருந்த எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் சைரன்.

பழைய பதிவு இப்போது எந்தக் கம்பெனியிடம் இருக்கிறது என்று கேட்டால் வக்கீலுக்கே தலை சுற்றுகிறது. "நம்ம பாட்டு நம்மகிட்ட இல்லடா, மறுபடி பாடிருவோம்" என்று கிளப்பிவிட்டவர் குழுவின் கிட்டார்காரர். வெளியிட ஒரு புதுக் கம்பெனி முன்வந்தது. நிபந்தனை ஒன்றே ஒன்று: கேட்கிறவருக்குப் பழசு எது புதுசு எது என்று தெரியக் கூடாது.

இங்கேதான் சிக்கல். நாற்பத்து மூன்று வருடம் மேடை மேடையாக அந்தக் கடைசி "வா"வைக் கத்தியதில் சைரனுக்குத் தொண்டையில் இரண்டு அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. "மிச்சம் இருக்கறத பேசறதுக்கு வெச்சுக்குங்க. இன்னொரு தடவ அப்படிக் கத்தினா அதுக்கும் நான் பொறுப்பில்ல" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

முதல் சிகிச்சைக்குப் பிறகு ஐந்து மாதம் வாய் திறக்கக் கூடாது என்று உத்தரவு. அந்த ஐந்து மாதத்தில்தான் அவருடைய மகள் முதன்முதலாக "அப்பா" என்றாள். அவரால் "என்னம்மா" என்று சொல்ல முடியவில்லை. கையில் இருந்த டம்ளரைக் கரண்டியால் இரண்டு தட்டுத் தட்டினார். அப்பாக்கள் இப்படித்தான் பதில் சொல்வார்கள் போல என்று குழந்தை நினைத்துக்கொண்டது. இன்று அவளுக்குக் கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். இன்றும் போனை எடுத்தால் விரலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் "அப்பா" என்பாள். அவள் அதை விளையாட்டாகச் செய்கிறாள். அவருக்கு ஒவ்வொரு தடவையும் வலிக்கும்.

(பழைய கதையில் மகள் கிடையாது. அப்போது எனக்குக் குழந்தை இல்லை.)

3

பழைய கதையில் மனைவிக்கு ஒரே ஒரு வசனம் கொடுத்திருந்தேன்: "சுடுதண்ணி குடிச்சிட்டுப் பாடுங்க." பிளாஸ்கைக் கொடுத்துவிட்டு ஓரமாகப் போய்விடுவாள். அந்த வரியைத் திரும்பப் படித்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது. இவ்வளவு பெரிய பாட்டு அந்த அம்மாளைப் பற்றியது. அவளை பிளாஸ்க் தூக்க விட்டிருக்கிறேன்.

ஆகவே அவளையும் லிஃப்டில் ஏற்றுகிறேன். பிளாஸ்க் இருக்கட்டும், அது நிஜமாகவே தேவைப்படுகிறது.

அவள் கிட்டார்காரரின் தங்கை. சைரனும் கிட்டார்காரரும் பள்ளிக்கூடத்திலிருந்தே ஒருவரையொருவர் "மச்சான்" என்று கூப்பிட்டுக்கொண்டவர்கள். பிறகு அது நிஜமாகிவிட்டது. அந்த நாளில் அவள் வீட்டு மாடி ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று கூப்பிட்டவர் இவர்தான். பாட்டு அங்கிருந்து வந்தது.

"நான் சொல்றதக் கேளுங்க" என்றாள் லிஃப்டில். "முடியலன்னா முடியலன்னு சொல்லிட்டு வந்துருங்க. யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

"முடியும்."

"அந்த ரெக்கார்ட நான் என்னிக்காவது ரசிச்சிருக்கேனா? அது உங்க குரலே இல்ல."

இதை அவள் நாற்பத்து மூன்று வருடமாகச் சொல்லிவருகிறாள். வீட்டுக்காரி புருஷனை எப்போது பாராட்டியிருக்கிறாள் என்று அவரும் அத்தனை வருடமாகக் காதில் போட்டுக்கொண்டதில்லை.

4

ஒலிப்பதிவு அறை. ஜன்னல் இல்லை. சுவர் முழுக்கக் கரும் பஞ்சு. டிரம்மர் இடுப்புக்குக் கீழே தலையணை வைத்து உட்கார்ந்திருக்கிறார். பேஸ் வாசிப்பவர் காது மெஷினுக்குப் புது பேட்டரி போடுகிறார். கிட்டார்காரர் கிட்டார் கழுத்தில், இரண்டாம் கட்டத்தில், ஒரு சின்ன கிளிப்பை மாட்டுகிறார். இந்தப் பாட்டுக்கு மட்டும் அவர் எப்போதும் அதை மாட்டுவார். சைரனுக்கு எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. ஆரம்ப நாளில் ஒருமுறை கேட்டபோது "சும்மா, கம்பி நல்லா நிக்கும்" என்று பதில் வந்தது. அதோடு விட்டுவிட்டார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர். நாற்பது வயதுப் பெண், அதிகம் பேசாதவர், காதை நம்பிப் பிழைப்பவர். அவருக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் மனைவி. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பழைய பதிவை இரண்டு நாளாக அலசியிருந்தார் ஒலிப்பதிவாளர்.

"சார், ஒரு சந்தேகம். இந்தப் பாட்ட அன்னிக்கு ஓட்டிட்டாங்களா?"

"ஓட்டிட்டாங்களான்னா?"

"டேப்ப வேகமா சுத்த விடறது. சுருதி ஏறிடும். இதே ஆல்பத்துல, அதே நாள், அதே ரூம்ல எடுத்த இன்னொரு பாட்டு இருக்கு. ரெண்டுலயும் பின்னால ட்யூப்லைட் ரீங்காரம் கேக்குது. அதுல ஒரு சுருதில இருக்கு. 'இறங்கி வா'வுல மட்டும் சரியா ஒரு கட்டை மேல இருக்கு. பாடறவங்க ஏறலாம் சார். கரண்ட் ஏறாதே."

டிரம்மர் தலையணையைச் சரிசெய்தார்.

"அப்போ என் குரல்?" என்றார் சைரன்.

"நீங்க ஒரு கட்டை கீழதான் சார் பாடியிருக்கீங்க. இயல்பா, நிதானமா. மெதுவா ஓட்டிப் பாத்தேன். ரொம்ப நல்லா இருக்கு."

சைரன் திரும்பி கிட்டார்காரரைப் பார்த்தார். கிட்டார்காரர் கிட்டார் கழுத்தில் மாட்டிய கிளிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

* இந்த இடத்தில் ஓர் அடிக்குறிப்பு. மேலே சொன்ன கடிதங்கள் வந்தனவே, "என்ன முடிவு" என்று, அந்த முடிவு நான் எழுதியது அல்ல. நான் இன்னும் ஒரு பத்தி எழுதியிருந்தேன். பக்கத்தின் அடியில் ஒரு குக்கர் விளம்பரம் வர வேண்டியிருந்ததால் பத்திரிகையில் அதை வெட்டிவிட்டார்கள். ஊர் பாராட்டியது. நான் வாயை மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகு எழுதிய எல்லாக் கதையையும் டக்கென்று நிறுத்திப் பழகிவிட்டேன். ஒரு விமர்சகர் அதை என் "பாணி" என்றார். அந்தக் குக்கரின் பாணி. வெட்டிய பத்தியின் பிரதி என்னிடம் இல்லை. அதில் மனைவி இருந்தாள் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

5

இதற்குமேல் கதை பழைய கதையை விட்டுப் பிரிகிறது. வழிகாட்டப் பழைய வரிகள் இல்லை.

"உனக்குத் தெரியுமா?" என்றார் சைரன்.

"தெரியும்" என்றார் கிட்டார்காரர்.

"எப்பலேர்ந்து?"

"அன்னிலேர்ந்து. ரேடியோக்காரங்க மூன்றரை நிமிஷத்துக்கு மேல போடமாட்டோம்னுட்டாங்க. பாட்டு மூணு அம்பத்தாறு. எத வெட்டறதுன்னு தெரியல. வேகமா சுத்தவிட்டா சரியாப் போயிரும்னாரு ஸ்டூடியோக்காரரு. சரின்னேன். குரலும் கூடவே ஏறும்னு அப்பறம்தான் புரிஞ்சுது."

"நேரத்துக்காகவா? நல்லா இருக்கும்னுகூட இல்லையா?"

"இல்ல மச்சான். இருபத்தாறு செகண்டுக்காக."

சைரன் பெரிய சதி ஒன்றை எதிர்பார்த்திருப்பார். நானும் நாலு மாதமாக ஒன்றைத் தேடினேன்: பொறாமை, பழைய பகை, ஏதாவது. ஒன்றும் ஒட்டவில்லை. மனிதர்கள் இருபத்தாறு விநாடிக்காக ஒரு காரியம் செய்துவிடுகிறார்கள். மற்றவர்கள் அதைச் சுமக்கிறார்கள்.

"ரெக்கார்ட் வந்தப்போ என் குரல் அன்னிக்கு அமைஞ்சிருச்சுன்னு துள்ளிக் குதிச்சேனே. அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"ஊரே உன்னத் தூக்கி வெச்சுக் கொண்டாடுது. அது நீ இல்லடான்னு நான் எப்படி வந்து சொல்றது? முதல் கச்சேரியில நீ உன் குரல்ல பாடினே, ரெக்கார்ட் மாதிரி இல்லன்னு விசில் அடிச்சாங்க. அதுக்கப்பறம்தான் சுருதிய ஒரு கட்டை ஏத்த இந்த கிளிப்ப மாட்டினேன். நீயும் எட்டிப் பிடிச்சுட்டே."

"மொத ஆபரேஷன் அப்பவாவது?"

"சொல்லணும்னுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன்."

"வந்து?"

"ஆப்பிள் குடுத்துட்டுப் போயிட்டேன்" என்றார்.

பேஸ் வாசிப்பவர் காது மெஷினைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். சில சமயம் அந்த வசதி எல்லோருக்கும் இருந்தால் தேவலை.

சைரன் கத்தவில்லை. கத்துவதற்குக் குரல் இல்லை. "எம் பொண்ணு 'அப்பா'ன்னு கூப்பிட்டா மச்சான்" என்றார். "நான் டம்ளரத் தட்டினேன்." அவ்வளவுதான் சொன்னார். கிட்டார்காரர் அழுதார். அறுபத்தொன்பது வயதில் அழுவது அழகாக இருக்காது. மூக்குதான் முதலில் ஒழுகும்.

6

முடிக்க வேண்டும். நான் எழுதிப் பார்த்தவை:

முதலாவது. அவர் பழைய உயரத்திலேயே பாடுகிறார், வீம்புக்கு. நான் எட்டிப் பிடித்தது நிஜம்தானே, நாற்பத்து மூன்று வருடம் நிஜத்தொண்டையால்தானே பாடினேன் என்று. பிடித்துவிடுகிறார். அதற்குப் பிறகு மகளின் போனுக்கு மறுபடி டம்ளர். (இதுதான் பழைய முடிவு, டம்ளர் இல்லாமல். இரண்டு பக்கம் எழுதிக் கிழித்துவிட்டேன். அவருடைய குரலைச் செலவழிக்க எனக்கு என்ன உரிமை.)

இரண்டாவது. அவர் வெளியே நடந்து போய்விடுகிறார், மச்சானுடன் இனிப் பேச்சில்லை— ஆனால் ஒரே வீட்டுக் கல்யாணம் காட்சிக்கு இருவரும் போயாக வேண்டுமே. நம் குடும்பங்களில் கோபித்துக்கொண்டு போவதற்கு அவ்வளவு தூரம் கிடையாது.

மூன்றாவதை நான் யோசிக்கவில்லை, ஒலிப்பதிவாளர் சொன்னார். "சார், கீழயே பாடுங்க. உங்களுக்கு எது வசதியோ அதுல. அப்பறம் நான் ஒரு கட்டை ஏத்திடறேன். அன்னிக்குச் செஞ்ச மாதிரியே. கம்பெனி கேட்டது இதுதானே, பழசு மாதிரியே இருக்கணும்னு."

சைரன் சிரித்துவிட்டார். பழையதை அச்சு அசலாகத் திரும்பச் செய்ய அந்தப் பொய்யையும் சேர்த்துத்தான் செய்தாக வேண்டும். அவர் கண்ணாடி வழியாக மனைவியைப் பார்த்து, "நீ என்ன சொல்ற?" என்று கேட்டார். பாட்டைப் பற்றி அவளிடம் அவர் கேட்டது இதுவே முதல் தடவை.

ஒலிப்பதிவாளர் மைக் பொத்தானை அழுத்திக்கொடுக்க, அவள் குனிந்து பேசினாள். "நான்தான் அப்பவே சொன்னேனே. நீங்க ஜன்னலுக்குக் கீழ நின்னு அந்தக் கத்தா கத்தினீங்க? எங்கப்பாவுக்குக் கேக்கக் கூடாதுன்னு எவ்வளவு மெதுவா கூப்பிடுவீங்க. அந்தக் குரலுக்குத்தான் நான் இறங்கி வந்தேன். இதுக்குன்னா ஜன்னல மூடியிருப்பேன்."

7

கிட்டார்காரர் கிளிப்பைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். டிரம்மர் நான்கு எண்ணினார், ரெக்கார்டின் வேகத்தில் அல்ல, அதற்கும் பழைய வேகத்தில். சைரன் ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்குக் கேட்காதபடி, "இறங்கி வா" என்றார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி சட்டென்று தலையைத் திருப்பித் தன் பின்னால் பார்த்தாள். அங்கே சுவரும் ஒரு தீயணைக்கும் சிலிண்டரும்தான் இருந்தன. அவளுடைய அப்பா செத்து முப்பது வருடம் ஆகிறது. அவர் எழுந்துவிட்டாரா என்றுதான் பார்த்தாள்.

இதுதான் குக்கருக்காக வெட்டிய பத்தி என்று சொல்ல எனக்கு ஆசை. நிஜமாக நினைவில்லை.

பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. முடிந்ததும் ஒலிப்பதிவாளர் கேட்பார்: "ஏத்தவா சார், இப்படியே விட்டுடவா?" ஏற்றினால் கம்பெனி வாங்கிக்கொள்ளும், ஊர் கைதட்டும், சைரன் சைரனாகவே இருப்பார். விட்டுவிட்டால் இந்த அறையில் இருப்பவர்களைத் தவிர அதை யாருக்கும் அடையாளம் தெரியாது. மச்சானோடு திரும்பிப் போகும்போது ஒரே காரில் போவாரா என்பதும் எனக்குத் தெரியாது. இவ்வளவு நாள் டக்கென்று நிறுத்திப் பெயர் வாங்கியவன், இந்தத் தடவை நிறுத்தவில்லை, முடியாமல் வைத்துவிட்டுப் போகிறேன். சுருதியை ஏற்றுகிற பொத்தானை உங்கள் பக்கம் தள்ளி வைத்திருக்கிறேன்.

அவசரம் வேண்டாம். பாட்டு முடிய மூன்று நிமிடம் ஐம்பத்தாறு விநாடி ஆகும். அதுவரை அவர் பாடுவதைக் கேளுங்கள்.