கங்காணி வீட்டுத் தரை

ராமையா கங்காணி குடியிருந்த பலகை வீட்டைச் சூசைமுத்து புதுப்பிக்கப் போகிறான் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து ரெங்கசாமிக்குச் சோறு இறங்கவில்லை. ராமையா அவருடைய அப்பா. ஒரு காலத்தில் தேயிலை எஸ்டேட்டில் பாதிச் சனம் அவர் சொல்லுக்குக் காத்து நின்றது. அதில் ஒருவன்தான் சூசையின் தகப்பன். அந்த வீட்டுப் படிக்குக் கீழேயே நின்று பேசிவிட்டுப் போனவன். கங்காணி கண்ணை மூடியதும் எஸ்டேட் வீட்டைப் பூட்டியது, ரெங்கசாமி தொழிலாளர் லயத்துக்கு வந்தார். மழையிலும் பனியிலும் கிடந்து வீடு ஒரு பக்கம் சாய்ந்தது. இப்போது, எழுபத்தொன்பதாம் வருஷத்தில், காய்கறி லோரி ஓட்டித் தலையெடுத்த சூசை, "என் செலவுல சரி பண்ணிக்கிறேன், எனக்கே குடுங்க துரை" என்று மானேஜரிடம் கேட்டு வாங்கிவிட்டான்.

"கேட்டான், குடுத்தாங்க. நீங்களும் கேட்டிருக்கலாம்லா" என்றாள் மனைவி சரோஜா.

"கங்காணி மகன் போயி கையேந்துவானா?"

"ஏந்த வேணாம். அப்ப வயித்தெரிச்சலும் பட வேணாம்."

மறுநாள் ரெங்கசாமி தானா ராத்தா டவுனுக்குப் போகிறவர் போல அந்த வீட்டு வழியாக நடந்தார். வாசலில் புதுப்பலகை அடுக்கியிருந்தது. ரிங்லெட்டிலிருந்து வந்த சீன ஆசாரி தூண்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா சாய்ந்து உட்காரும் ஜன்னலோரத்தில் சூசையின் சட்டை தொங்கியது. அதைப் பார்த்தவர் நேரே ஆபீசுக்குப் போனார்.

"துரை, அந்த வீடு பூரா கறையான். லயத்துக்கும் பரவும்."

கறையான் பிடித்த வீட்டை எஸ்டேட் விட்டு வைக்காது, இடித்துக் கொளுத்திவிடும். அது அவருக்குத் தெரியும். சூசை குடியேறுவதைவிடச் சாம்பலாகட்டும் என்றுதான் சொன்னார்.

மானேஜர் வந்தார். லயத்துச் சனமும் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது. சாமி மூலையில் தரைப்பலகையை ஆசாரி கடப்பாரையால் நெம்ப, அடியிலிருந்த சட்டம் ஊறிய ரொட்டி போலக் கையோடு வந்தது. ரெங்கசாமிக்கு மனசு குளிர்ந்தது. குனிந்து பார்த்தார். கறையான் மண்ணுமில்லை, புற்றுமில்லை. மற்ற பக்கமெல்லாம் மரம் இரும்பாக இருந்தது. சாமி மூலையிலிருந்து பின்வாசல் வரைக்கும் மட்டும் ஒரு கோடாகக் கறுத்து மக்கியிருந்தது. அது என்ன கோடு என்று அவருக்கு உடனே விளங்கிவிட்டது.

அவருடைய அம்மா மணியம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் சாமி மூலையில் வாளி வாளியாக மஞ்சள் தண்ணீர் ஊற்றி, பின்வாசல் வழியாகத் தள்ளுவாள். பலகைத் தரையில் சாணம் மெழுக முடியாது. கங்காணி வீட்டுத் தரை கழுவியாவது இருக்க வேண்டும் என்பாள். வெயிலே சரியாகக் காணாத மலையில் அந்தத் தண்ணீர் பலகைக்கு அடியில் எப்படிக் காயும்?

"கறையான்தானே?" என்று மானேஜர் மலாயில் கேட்டார்.

ஆசாரியோடு குனிந்திருந்த சூசை நிமிர்ந்தான். வெள்ளிதோறும் பைப்பிலிருந்து அந்தத் தண்ணீரைச் சுமந்து கொடுத்தவளே அவன் அம்மா தெரசம்மாள்தான். அவன் ரெங்கசாமியின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணே, இது என்னன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பெரியம்மாவப் பத்தி இத்தனை பேர் முன்னாடி நான் வாயத் தொறக்க மாட்டேன். கொளுத்தச் சொன்னா கொளுத்தட்டும்."

மானேஜருக்கு ஆமென்று ரெங்கசாமி தலையை ஆட்டினால் போதும். வீடு சூசைக்கு இல்லை; அம்மாவின் பேரும் தப்பும். ஆனால் அந்தப் பேர் இனிமேல் சூசை போட்ட பிச்சையாக இருக்கும். சாகிறவரைக்கும் அவன் லோரி வரும்போதெல்லாம் ஒதுங்கி நிற்க வேண்டும். வீட்டைத்தான் எடுத்தான், பெருந்தன்மையையும் அவனே எடுத்துக்கொள்வானா?

"கறையான் இல்ல துரை" என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. "எங்கம்மா வெள்ளிக்கு வெள்ளி ஊத்துன தண்ணி. சுத்தம் பாத்தவங்க. அந்த ஓரத்துச் சட்டத்த மாத்தினா போதும். மத்ததெல்லாம் எங்கப்பா நின்னு கட்டுனது, அசையாது."

"அடியாத்தி, வீட்டையே கழுவித் தள்ளிட்டாங்களா!" என்று கூட்டத்தில் ஒருத்தி சிரித்தாள். அவர் திரும்பிப் பார்த்த பார்வையில் சிரிப்பு நின்றது.

மானேஜர் வேலையைத் தொடரச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

"அண்ணே, ஜாக்கி வச்சுத் தூக்கப் போறோம். கூட இருங்கண்ணே" என்றான் சூசை.

"உன் வீடு. நீ பாத்துக்க."

சொன்ன வாய் கசந்தது. விறுவிறுவென்று நடந்தவர், வளைவில் தேயிலைச் செடிகளுக்குப் பின்னால் நின்றுவிட்டார். லோரி ஜாக்கிகள் ஏற ஏற, வீடு முனகிக்கொண்டு எழுந்தது. சாய்ந்த தூணுக்கடியில் புதுக்கல்லை நகர்த்தினார்கள். வீடு நேராக நின்றது. அப்பா காலத்தில் அந்த முன்கதவைத் தோளால் முட்டித்தான் சாத்துவார்கள். சூசை இப்போது ஒரு விரலால் தள்ளினான். கதவு சத்தமில்லாமல் போய்ச் சாத்திக்கொண்டது. நன்றாக இருக்கிறதா என்று பார்க்க, அவன் அதைத் திறந்து மறுபடியும் சாத்தினான்.

ரெங்கசாமி அங்கேயே நின்றார்.