ஆடாத பெட்டிக்கு நாற்பத்தேழு மதிப்பெண்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணம் செய்து வை என்பார்கள். நான் ஒரே ஒரு பொய் சொல்லி ஒரு கட்டுரைதான் எழுதினேன். இரண்டு கேம் கன்சோல்களை ஒப்பிட்டு, அட்டவணையெல்லாம் போட்டு, ஒரு பத்திரிகையில். ஆனால் 'நான்' என்று எழுதினால் பேனா கூசுகிறது. ஆகவே அந்த ஆளை இனிமேல் 'நிபுணர்' என்று அழைக்கிறேன். பத்திரிகையும் புகைப்படத்துக்குக் கீழே அப்படித்தான் போட்டிருந்தது. (அந்தப் புகைப்படத்தில் அவருக்குத் தலை நிறைய முடி இருக்கும். அதுவும் பொய்தான், ஆனால் அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை.)

கதைக்கு மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

"மழை கொட்டிக்கொண்டிருந்த அந்த மாலையில், வாசலில் இரண்டு பெட்டிகள் நனைந்தபடி

மழையே இல்லை. செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி, சுள்ளென்று வெயில்.

"மனிதன் ஒப்பிடும் விலங்கு. ஆதியில் அவன் இரண்டு கற்களை எடுத்து

இங்கே எனக்கே கொட்டாவி வந்துவிட்டது.

மூன்றாவது தொடக்கம் "என் அக்கா" என்று ஆரம்பித்து, இரண்டு சொல்லோடு நின்றுபோனது. அக்கா வருவாள், கொஞ்சம் பொறுங்கள்.

2

பத்திரிகை நிபுணருக்கு இரண்டு கன்சோல்களைப் பத்து நாள் இரவல் தந்தது. ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. ஒன்றுக்கொன்று ஆகாத இரண்டு கம்பெனிகள். டிவியில் மாற்றி மாற்றி மாட்டி ஆடிப் பார்த்து, வேகம், படத்தின் தெளிவு, பழைய கேம்களை ஏற்குமா, கையில் பிடித்து ஆடும் கண்ட்ரோலர் எப்படி என்று பத்து வரிசையில் மதிப்பெண் போட வேண்டும். வரிசைக்கு ஐந்து.

வெள்ளைதான் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அதில் சரக்கு லாரி ஓட்டும் கேம் ஒன்றை ஏற்கெனவே ஏற்றி வைத்திருந்தார்கள். அவ்வளவுதான், ஆள் காலி. ஒன்பது நாள் நிபுணர் லாரி ஓட்டினார். மலைப்பாதையில் சிமெண்ட் மூட்டை ஏற்றிப் போனார். துணி காயப்போட மனைவி கூப்பிட்டால், "இரு இரு, செக்போஸ்ட் வந்துடுச்சு" என்றார்.

பத்தாம் நாள் பெட்டிகளைத் திரும்ப எடுத்துப்போக ஆள் வந்து மணி அடித்தபோதுதான் கறுப்பின் ஞாபகம் வந்தது. மூடியைத் திறந்தார். ஒரு படம் எடுத்தார். கண்ட்ரோலரைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூடக் கிழிக்காமல் மூடிக் கொடுத்துவிட்டார்.

3

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். கறுப்பு ஜெயித்தது.

நாற்பத்தேழுக்கு நாற்பத்து நாலரை! ஒன்பது நாள் கூடவே கிடந்ததில் வெள்ளையின் குறை ஒவ்வொன்றும் நிபுணருக்கு அத்துப்படி. சூடேறினால் விசிறி இரையும். கம்பி குட்டை. கறுப்பிடம் ஒரு குறையும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? மனசாட்சி வேறு உறுத்தியது. உறுத்த உறுத்த அரை அரை மதிப்பெண்ணாகக் கூட்டிப் போட்டார். விளம்பரத் தாளில் இருந்ததைத் தன் நடையில் எழுதிக்கொண்டே வந்தவர், கண்ட்ரோலர் வரிசையில் வந்து முட்டிக்கொண்டார். தாளில் அதன் எடை மட்டும்தான் இருந்தது. நிபுணர் நாற்காலியில் சாய்ந்தார், கண்ணை மூடினார், இலக்கியம் படைத்தார்:

"பிடிக்கவே வேண்டியதில்லை. எந்தக் கையாக இருந்தாலும் அதுவே வந்து உட்கார்ந்துகொள்கிறது."

ஐந்துக்கு ஐந்து. அந்த வரியைப் பாராட்டிப் பதினேழு பேர் எழுதினார்கள். நிபுணர் அதை மனைவிக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினார்.

* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: அட்டவணையில் முதலில் பதினொரு வரிசை இருந்தது. வெள்ளையில் ஒரு வசதி உண்டு. ஒரே வண்டியை இரண்டு கண்ட்ரோலர்கள் சேர்ந்து ஓட்டலாம். ஒருவர் திருப்ப, இன்னொருவர் பிரேக் போட. "ரெண்டு பேர் சேர்ந்து ஒரு வண்டிய ஓட்டறதா? அதுக்குத்தான் கல்யாணம் இருக்கே" என்று நிபுணர் தனக்குத் தானே சொல்லிச் சிரித்துவிட்டு அந்த வரிசையை வெட்டினார். 'விளக்கின் நிறம்' என்ற வரிசை பிழைத்துக்கொண்டது.

4

இப்போது அக்கா.

அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். சின்ன வயதில் எந்த கேமாக இருந்தாலும் நிபுணரை மண்ணைக் கவ்வ வைத்தவள். அவர் எழுதுவது எதுவும் அவள் பென்சிலுக்கு அடியில் போய்த்தான் அச்சுக்கு வரும். எழுத்துப் பிழையைவிட இன்னொன்றைத்தான் அவள் தேடித் தேடிப் பிடிப்பாள். 'ஏரி பச்சையாக இருந்தது' என்று எழுதினால் ஓரத்தில் "பாத்தியா?" என்று இருக்கும். 'பழைய ரயில்பெட்டியின் துரு வாசனை' என்றால், "மோந்து பாத்தியா?"

கன்சோல் கட்டுரை மட்டும் அவளிடம் போகவில்லை. அந்த மாதம் அவள் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பேச்சு திரும்பி வந்தது. நடை வந்தது. இடது கை மட்டும் மடியிலேயே கிடந்தது. ரப்பர் பந்தை ஒரு நாளைக்கு இருநூறு தடவை பிசைந்தால் மெல்ல மெல்ல வரும் என்றார் டாக்டர். அக்கா இருநூற்றைம்பது தடவை பிசைந்தாள்.

(முதல் பிரதியில் இவளைப் பக்கத்து வீட்டு அம்மாளாக மாற்றி எழுதினேன். கதை வழுக்கிக்கொண்டு ஓடியது. அதனாலேயே கிழித்துப் போட்டேன்.)

5

ஒரு ஞாயிற்றுக்கிழமை நிபுணர் அக்கா வீட்டுக்குப் போனார். டிவிக்குக் கீழே கறுப்பு கன்சோல் இருந்தது. அதன் மேல் நாலாக மடித்த ஒரு துண்டு.

"இது எப்பக்கா வாங்குன?"

"போன மாசம். நீதான் நாப்பத்தேழு போட்டிருந்தியே."

"ஆடுறியா?"

"ஆடாம என்ன? நல்லாத்தான் இருக்கு." அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "டேய், சட்டக் காலரப் பாரு, நாரா தொங்குது. இதப் போட்டுக்கிட்டா வெளிய வர்ற?"

ரப்பர் பந்து சோபாவுக்கு அடியில் தூசி படிந்து கிடந்தது.

அத்தான் கேட் வரைக்கும் கூட வந்தார். தாழ்ப்பாளைப் போடாமல் அதையே தடவிக்கொண்டு நின்றார்.

"மாப்ளே, உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்கா. மூணு தடவ அந்தக் கண்ட்ரோலரப் பிடிக்கப் பாத்தா. மூணு தடவயும் நழுவிக் கீழ விழுந்துச்சு. துண்டப் போட்டு மூடிட்டா."

"பழகணும் அத்தான். போகப் போக..."

"அது போனாப் போகுது மாப்ளே. பந்து பிசையறதயும் விட்டுட்டா. கேட்டா, எந்தக் கையிலயும் தானா வந்து உக்கார்ற பொருளு, என் கையில உக்காரலயே, இந்தக் கை இனி அவ்வளவுதாங்கறா. தம்பி ஏதாச்சும் தப்பா எழுதியிருக்கலாமேன்னு சொல்லிப் பாத்தேன்."

"என்ன சொன்னா?"

"சண்டைக்கு வந்துட்டா. அவன் பிடிச்சுப் பாக்காம எழுத மாட்டான்னு."

நிபுணர் பஸ்ஸில் தன் நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய் இறங்கினார். அங்கே ஒரு மூடிய கடையின் படியில் உட்கார்ந்து நிபுணர் அழுதார் என்று எழுதலாம். அழுதது நான்.

6

கை இருப்பில் மூன்று முடிவுகள் இருந்தன.

அ. பத்திரிகையில் திருத்தம் போடுவது. ஆசிரியருக்குப் போன் செய்தேன். "சார், அடுத்த இதழ்ல மிக்ஸி ஒப்பீடு வருது. இடம் மிஞ்சினா பாப்போம்." மிக்ஸிகள் இடத்தை மிச்சம் வைக்கவில்லை.

ஆ. நேரில் போய்ச் சொல்வது. பஸ்ஸில் உதட்டை அசைத்து ஒத்திகை பார்த்ததில் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போய்விட்டார். அக்கா கதவைத் திறந்து "வாடா" என்றாள். வெயிலைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசிவிட்டுத் திரும்பினேன்.

இ. ஒரு நாள் காலையில் அவள் கை தானாகவே

இதை எழுதிய கையைத்தான் உடைக்க வேண்டும்.

7

மிச்சம் இருப்பது இந்தக் கதைதான். நான் எழுதுவது எல்லாம் முதலில் அக்காவிடம்தானே போகும்? ஆக, இதன் முதல் வாசகர் நீங்கள் இல்லை, மன்னிக்கவும். இதை நீங்கள் அச்சில் வாசித்துக்கொண்டிருந்தால், அவள் இதை அச்சுக்கு விட்டுவிட்டாள் என்று அர்த்தம். அதற்கு மேல் உங்களுக்கு என்ன தெரியுமோ அவ்வளவுதான் எனக்கும்.

அக்கா, இனிமேல் உனக்கு. நிபுணர் போய்ச் சேர்ந்தார்.

நான் அந்தக் கறுப்பு கன்சோலைத் தொடவே இல்லை. போன வாரம்தான் கடைக்குப் போய் முதல் தடவையாக அதன் கண்ட்ரோலரைப் பிடித்தேன். நனைந்த சோப்புக் கட்டி மாதிரி இருக்கிறது. இரண்டு கையும் சரியாக இருக்கிற எனக்கே நழுவி விழுந்தது. கடைக்காரர் முறைத்தார். ஆகவே உன் கையில் ஒரு கோளாறும்

அடித்துவிட்டேன். பார்க்காமல் எழுத வந்துவிட்டேன், பார். உன் கையைப் பற்றி டாக்டர் சொல்லட்டும். என் வரியை வைத்து அதை அளக்காதே, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

இந்தப் பிரதியோடு ஒரு வெள்ளை கன்சோல் வரும். நான் வெட்டிய பதினொன்றாவது வரிசை அதற்குள் இருக்கிறது. இடது கையை பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு மூன்று நாள் ஆடிப் பார்த்தேன். ஒரு கண்ட்ரோலரின் வலது பக்கம் நான், இன்னொன்றின் இடது பக்கம் என் வீட்டுக்காரி. "பிரேக்குன்னா பிரேக்குன்னு சொல்லுங்க, ஐயோ ஐயோன்னா எனக்கு என்ன புரியும்?" என்கிறாள். லாரி பதினாலு தடவை பள்ளத்தில் விழுந்தது. கண்ட்ரோலர் தானாக வந்து உட்காராது. மடியில் ஒரு தலையணை போட்டு அதன் மேல் வைத்தால் நிற்கும். விசிறி இரையும். கம்பி குட்டை. ஐந்துக்கு மூன்று.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். நீ திரும்பப் பந்தைப் பிசைந்து, உன் இடது பக்கத்தை என்னிடமிருந்து பிடுங்கிக்கொள்கிற வரைக்கும் அந்தப் பக்கத்தை நான் ஓட்டுகிறேன். நீ கதவைத் திறப்பாயா, இந்தத் தாளை என் முகத்தில் எறிவாயா, அதை எழுதுகிற யோக்கியதை எனக்கு இல்லை. கீழே அரைப் பக்கம் காலியாக விட்டிருக்கிறேன். பென்சில் உன்னிடம் இருக்கிறது. ஓரத்தில் நீ முதலில் என்ன எழுதுவாய் என்று மட்டும் எனக்குத் தெரியும்: "பிடிச்சுப் பாத்தியா?"

பாத்தேன்க்கா. இப்ப நீ பிடிச்சுப் பாரு.