சாட்சிக்கு ஒருவர்

“2025 பெப்ரவரி 16, ஞாயிறு. வியாழக்கிழமை எழுதியதில் ஒரு பிழை. இரண்டு பெண்கள் வந்து கேட்டால், அவர்களுக்குத் திருமணம் செய்துவைக்கும்படி பாதிரியாரைச் சட்டம் கட்டாயப்படுத்தலாம் என்று எழுதியிருந்தேன். முடியாது. வெள்ளிக்கிழமை ஆசிரியை திருத்தினார்.”

நாட்குறிப்பில் எழுதியதை ஜெனுஷா மறுபடி வாசித்துப் பார்த்தாள். பகலில், சினோரா என்று அவள் அழைக்கும் ஓர் இத்தாலியப் பெண்ணின் வீட்டைத் துப்புரவாக்கிவிட்டு மாலை வகுப்பில் சட்டம் படிப்பவள் அவள். பிழை எங்கிருந்து வந்தது என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. இத்தாலியில் கோயில் கலியாணம் என்றால், கணவன் மனைவியின் கடமைகளைச் சொல்லும் அரச சட்டப் பிரிவுகளையும் பாதிரியாரே வாசிப்பார். பாடகர் குழுவில் நின்று அதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். அரசின் சட்டத்தை வாசிக்கிறவர் அரசு சொன்னால் கேட்கத்தானே வேண்டும் என்று நினைத்துவிட்டாள். அது அரசும் திருச்சபையும் செய்துகொண்ட உடன்பாடு, யாருக்குக் கட்டிவைப்பது என்பது திருச்சபையின் பாடு என்றார் ஆசிரியை. இரண்டு பெண்களுக்கு இருப்பது கொமுனே எனப்படும் நகரசபையில் செய்யும் பதிவு மட்டுந்தான். அங்குள்ள அலுவலர் மறுக்க முடியாது. பாதிரியார் மறுக்கலாம்.

பிழையோடு படுத்த அந்த வியாழக்கிழமை அவள் நன்றாக நித்திரை கொண்டிருந்தாள்.

ஜெனுஷாவுக்கும் ஸ்ரெல்லாவுக்கும் பதிவு அடுத்த மாதம். ஸ்ரெல்லா மொண்டெல்லோவில் நோயாளியான ஒரு மூதாட்டியோடு தங்கி வேலை செய்கிறாள். சாட்சிகள் இருவர் வேண்டும். ஸ்ரெல்லாவின் பக்கம் தோழி மொனிகா வருகிறாள். ஜெனுஷாவின் பக்கம் ஒருவருமில்லை. தாயிடம் சொன்ன நாளிலிருந்து தாய் போனை எடுப்பதில்லை.

அன்று பூசை முடிந்து எல்லோரும் கோயில் மண்டபத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது விமலராணி அக்கா கைபேசியை உயர்த்திப் பிடித்தாள்.

“இதைக் கேட்டியளே? இனி ரெண்டு பொம்பிளையள் வந்து நிண்டாலும் பாதர் கட்டிவைக்கோணுமாம். மாட்டனெண்டால் மறியலாம்!”

“மறியலிலை நேரத்துக்குப் பாஸ்தா குடுப்பாங்கள், பாதர்,” என்றார் றோபேட் அண்ணை. “உங்கடை சமையலைவிடத் திறமாயிருக்கும்.”

சிறைச் சாப்பாட்டுப் பகிடிக்கு மண்டபமே சிரித்தது. பாதர் றஞ்சித் சிரிக்கவில்லை.

“பிள்ளை ஜெனுஷா, நீதானே சட்டம் படிக்கிறாய். உண்மையோ?”

“இல்லை, பாதர். உங்களை ஒருத்தரும் கட்டாயப்படுத்தேலாது. அது கொமுனேயிலை நடக்கிற அலுவல்.”

“நிச்சயமாத் தெரியுமோ?”

“ஓம். திருப்பித் திருப்பிப் பாத்தனான்.”

“ஆண்டவருக்குத் தோத்திரம்,” என்று அவர் நெஞ்சில் கைவைத்தார்.

“ஐயோ, நான் ஊர் முழுக்க அனுப்பிப்போட்டனே!” என்றாள் விமலராணி அக்கா. மறுபடி சிரிப்பு. ஜெனுஷாவும் சிரித்தாள்.

பாதர் உடுப்பு மாற்றும் அறைக்குப் போனதும் அவள் பின்னாலேயே போய் வாசலில் நின்றாள்.

“பாதர், கட்டிவைக்கச் சொல்லிக் கேக்கேல்லை. கொமுனேக்குச் சாட்சியா வந்து ஒரு கையெழுத்து வைப்பீங்களோ?”

“ஆற்றை அலுவலுக்கு?”

“என்ரை. எனக்கும் ஸ்ரெல்லாவுக்கும்.”

பாதர் கையிலிருந்த அங்கியை மடிப்பதை நிறுத்தினார்.

“கொம்மாவுக்குத் தெரியுமோ?”

“தெரியும். என்னோடை கதைக்கிறேல்லை.”

“உனக்காகச் செபிக்கிறன், பிள்ளை.” அவர் அங்கியையே பார்த்துக்கொண்டு சொன்னார். “ஆனால் வரமாட்டன். ஆயர் என்ன சொல்லுவார், சனம் என்ன சொல்லும் எண்டு சாட்டுச் சொல்லலாம். அதெல்லாம் வேண்டாம். நான்தான் மாட்டனெண்டுறன்.”

“விளங்குது, பாதர்.”

“வாற ஞாயிறு பாட வருவாய்தானே?”

“தெரியேல்லை,” என்றாள். அது உண்மைதான்.

அவளுடைய அறை இருக்கும் சீசாவுக்குப் போகும் பஸ்ஸில் இருக்க இடம் கிடைத்தது. ஸ்ரெல்லாவுக்குப் போன் எடுத்தாள். “என்ரை சினோராவைக் குளிக்க வாக்கிறன், பிறகு எடு,” என்று ஸ்ரெல்லா வைத்துவிட்டாள். அப்படியே பாதர் சம்மதித்து வந்திருந்தாலும், தன் பக்கம் நிற்கிறவர் எந்த முகத்தோடு நின்றிருப்பார் என்று ஜெனுஷா யோசித்துப் பார்த்தாள். பயந்த முகம் ஒன்றுதான் தெரிந்தது. ஆனாலும் அந்த முகமாவது பக்கத்தில் நின்றிருக்கும்.

அறைக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே காலையில் எழுதிய பக்கத்தின் கீழே எழுதினாள்.

“நாளை திங்கள். வேலை தொடங்குமுன் என் சினோராவிடம் சாட்சியாக வரமுடியுமா என்று கேட்க வேண்டும். ஓம் என்றால், அவருடைய அடையாள அட்டையின் பிரதியைப் பின்னேரம் கொமுனேயில் கொடுக்க வேண்டும்.”