பெயர் சொல்லாத இடம்

சவப்பெட்டிக்குள் கிடந்த கணவன் கோஜோவின் சட்டைக் கொலரை நிலாணி சரிசெய்துகொண்டிருந்தபோது, அன்புராசா அண்ணை வந்து வாசலோடு நின்றார். கையில் துணிக்கடைப் பை. கணவனை இழந்தவளுக்குப் பிறந்த வீடு கொண்டுவரும் கோடிச் சேலை அதற்குள் இருக்கும். உள்ளே வர மனமில்லாதவர் எதற்கு அதை இறுதிச்சடங்கு நடக்கும் இந்த அஜக்ஸ் மலர்ச்சாலைவரை காவிக்கொண்டு வந்தாராம்?

இருபத்தேழு வருசத்துக்கு முன், கோஜோ ஆபிரிக்கன் என்றறிந்து, "காப்பிலியைக் கட்டினா என்ரை வாசல் மிதியாதை" என்றவர் அவர்தான். அவளும் ரோசக்காரி, மிதிக்கவில்லை.

கோஜோ அதற்காகக் கோபப்பட்டதில்லை. தொழிற்சாலையில் எதிரெதிரே நின்று அட்டைப்பெட்டி ஒட்டிய காலத்தில், அவளுடைய புட்டுக்குக் கானாவின் கருவாட்டு மிளகாய்ச் சம்பலைப் பிரட்டித் தின்று அவளைப் பிடித்துப்போட்டவன். ஒருமுறை தன் ஊர்க் கடற்கரைக் கோட்டைக்கு அவளைக் கூட்டிப்போனான். அடிமைகளைக் கப்பலுக்கு இறக்கிய வாசல்வரை வந்தவன், அதைத் தாண்டமாட்டேனென்று சின்னப்பிள்ளை மாதிரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்தக் கையின் சூடு அவளுக்கு இன்னும் நினைவிருந்தது.

கோஜோவின் அக்கா எசி எழும்பி, முன்னோரின் பெயர்களைக் கூப்பிட்டுக் கிண்ணத்திலிருந்து தண்ணீர் வார்க்கத் தொடங்கினாள். கம்பளம் நனையக் கூடாதென்று மலர்ச்சாலைக்காரர் கீழே ஒரு பேசின் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வார்ப்பு. ஐந்தாவதில் நிறுத்தினாள். பெயரும் இல்லை, தண்ணீரும் இல்லை. எல்லோரும் தலை குனிந்து நின்றார்கள். பிறகு அடுத்த பெயர் வந்தது.

"ஏன் நிப்பாட்டினவ?"

அண்ணை. எப்போது பக்கத்தில் வந்தாரோ தெரியாது.

"அவையின்ரை பூட்டியின்ரை பூட்டிக்கு ஒரு தம்பி இருந்தவன், அண்ணை. பிடிச்சுக்கொண்டுபோய்க் கப்பல்காரருக்கு வித்துப்போட்டாங்கள். செத்ததெண்டு ஆரும் வந்து சொல்லேல்லை. அதாலை செத்தவையோடை கூப்பிடமாட்டினம்."

"இவ்வளவு காலமாவோ?"

"ஓம். இருநூறு வருசமா இந்தக் குடும்பம் இப்பிடித்தான் செய்யுது."

ஊரில் யுத்தத்தின் கடைசி நாட்களில் காணாமல்போன தம்பி வினோதனுக்கு இன்றுவரை அண்ணை திவசம் செய்யவிடவில்லை. செய்யச் சொல்லி அலுத்த சொந்தக்காரர், அவருக்கு மூளை பிசகிவிட்டதென்று தொலைபேசியில் அவளிடம் சொன்னார்கள். நிலாணியும் உள்ளுக்குள் அப்படித்தான் நினைத்திருந்தாள். இப்போது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

எசி கடைசிப் பெயரையும் சொல்லி முடித்துக் கிண்ணத்தை இறக்கப் போனாள்.

"பிள்ளை, அவவை இன்னொருக்கா அப்பிடி நிப்பாட்டச் சொல்லு," என்றார் அண்ணை. "எங்கடை தம்பிக்கும்."

நிலாணி எசியின் காதுக்குள் சொன்னாள். எசி பெயரைக் கேட்கவில்லை. கிண்ணத்தை மறுபடி தூக்கிப் பிடித்தாள். அண்ணை சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கோஜோவின் தலைமாட்டில் போய் நின்றார்.

எசி வார்க்காமல் கிண்ணத்தைச் சற்றே சரித்துப் பிடித்திருந்தாள். தண்ணீர் விளிம்புவரை வந்து வந்து திரும்பியது.