கிடங்குக்குள் பெய்த பனி

வெயிலில் தார் உருகிச் செருப்பைப் பிடித்துக்கொள்ளும் ஓர் ஊரில், கிறிஸ்துமஸ் அன்றைக்கு, கூரை போட்ட கட்டடத்துக்குள்ளேயே பனியைப் பெய்ய வைத்தவர்கள் உலகத்தில் இரண்டு பேர்தான். ஒருவர் கடவுள். இன்னொருவர், ஆறு வயதில், நம்ம கார்டு.

ஓய்வு பெறும்வரை சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டியில் உட்கார்ந்து வந்தவர் என்பதால் அந்தப் பெயர். பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் அத்தனை வருஷம் தொண்டைக்குள் சேர்ந்ததையெல்லாம் இப்போது அக்கா வீட்டுச் சமையலறையில் இறக்கிக்கொண்டிருந்தார். அக்கா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அத்தான் மிக்ஸியைக் கழற்றிப் போட்டுவிட்டு, எந்தத் திருகு எங்கிருந்து வந்தது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

"முழங்கால் வரைக்கும் பனி, அத்தான். என் முழங்கால் இல்லை, அப்பா முழங்கால்."

"போன வருஷம் கணுக்கால்னு சொன்னே."

"அதுக்கப்புறம் ஒரு வருஷம் பெஞ்சிருக்குல்ல."

"ஒரு மண்ணும் பெய்யலை," என்றாள் அக்கா, கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல். "அண்டப்புளுகு."

கார்டுக்கு அது பழகிய பாட்டு. ஆனாலும் ஒவ்வொரு முறையும் எங்கோ சுருக்கென்று தைக்கும்.

அப்பா வெளிநாட்டில், துறைமுகத்தை ஒட்டிய குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்த்தார். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பள்ளிக்கூடம் பூட்டியதும் அம்மா அக்கா, தம்பி இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு விமானம் ஏறிவிடுவாள். அப்பாவுடையது ஒரே அறை. ஜன்னலில் காகித நட்சத்திரம். உப்புவாசம் அடிக்கும் படுக்கை விரிப்பு. கண்ணை மூடினால் கப்பல்கள் தலைமாட்டிலேயே நின்று ஊதும். மின்விசிறிக் காற்றில் நட்சத்திரம் மெல்லத் திரும்ப, அதன் சிவப்பு வெளிச்சம் தூங்குகிறவர்கள் முகத்தின்மேல் ஒவ்வொருவராகத் தொட்டுக்கொண்டு போகும். அந்த டிசம்பர்கள் கார்டுக்குள் இன்னும் முடியவில்லை.

அப்பாவோ சிரிப்பை வாடகைக்குக்கூட எடுக்காதவர். எந்தப் புகைப்படத்திலும் பல்வலிக்காரர் மாதிரிதான் நிற்பார்.

கிறிஸ்துமஸ் அன்று கிடங்குக்கு விடுமுறை. ஆனாலும் குளிர் சரியாக இருக்கிறதா என்று ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும். கார்டுக்கு ஆறு வயதான வருஷம், அப்பா பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனார். வழியில் கார்டு கேட்டார்: "வாழ்த்து அட்டையில எல்லாம் பனி இருக்கே. இங்க மட்டும் ஏன் இல்லை?" அப்பா கிடங்கின் வெளிக்கதவைத் திறந்தார். உறைந்த தரை வழுக்கும் என்று மகனைத் தோளில் ஏற்றிக்கொண்டார். ஒரு கையில் மகள், இன்னொரு கையில் டார்ச் விளக்கு. வெளிக்கதவைச் சாத்திவிட்டுத்தான் உள்கதவைத் திறக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். சாத்துவதற்குக் கை ஏது? உள்கதவை முழங்கையால் தள்ளித் திறந்தார்.

கடலோரத்தின் ஈரக்காற்று அவர்கள் பின்னாலேயே உள்ளே நுழைந்தது. முதலில் புகையாக மிதந்தது. பிறகு டார்ச் வெளிச்சத்தில் மினுங்கியது. பிறகு சத்தமே இல்லாமல், மீன் பெட்டிகளின் மேலும் மூன்று பேர் தலையிலும் இறங்கியது. கார்டு நாக்கை நீட்டினார். அப்போதுதான் அவருக்குக் கீழே தோள் குலுங்கியது. அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பு கார்டின் காதுக்கு வருவதற்கு முன்னால் தொடைக்கு வந்துவிட்டது.

பனியைப் பற்றி கார்டுக்கென்ன கவலை? அதைக் கணுக்காலில் நிறுத்தலாம், கழுத்துக்கும் ஏற்றலாம். அந்தச் சிரிப்பு வேண்டும். அப்பா இல்லை, அம்மா இல்லை. அதற்கு மிச்சமிருந்த ஒரே சாட்சி, பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"துறைமுகத்துக் கப்பலெல்லாம் அதைப் பார்த்துத்தான் ஊதிச்சு, அத்தான்."

"உனக்கு அன்னைக்குக் காய்ச்சல்டா," என்றாள் அக்கா. "கண்டதையும் கண்டிருப்பே."

வழக்கமாக இதற்குள் கதையில் ஒரு திமிங்கிலமாவது வந்திருக்கும். கார்டு கையிலிருந்த காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்கும்க்கா," என்றார். "இப்பல்லாம் எனக்கே சந்தேகமா இருக்கு. பனியும் கனவுதான் போல. அப்பா சிரிச்சதும் கனவுதான் போல. விடு, இனிமே சொல்லலை."

அத்தான் கையிலிருந்த திருகு உருண்டு அடுப்பு மேடைக்குக் கீழே போனது. யாரும் எடுக்கவில்லை. அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள், துடைத்த கையையே மறுபடியும் துடைத்தாள். பிறகு தம்பியைப் பார்க்காமல் கணவரிடம் சொன்னாள்:

"கதவைத் திறந்து போட்டது தெரிஞ்சா வேலை போயிடும்னு அப்பாவுக்குப் பயம். என்கிட்டக் கையடிச்சு சத்தியம் வாங்கினார். யார் கேட்டாலும் ஒண்ணும் நடக்கலைன்னு சொல்லணும்னு."

"இவன்கிட்ட வாங்கலையா?"

"இவன் சொன்னா எவன் நம்புவான்னு விட்டுட்டார்."

"அடிப் பாவி, அந்தக் கிடங்கையே இந்நேரம் இடிச்சுத் தள்ளியிருப்பாங்க."

"எப்ப வரைக்கும்னு அவர் சொல்லலையே."

கார்டு டம்ளரைக் கீழே வைத்தார். "அப்போ... முழங்கால்..."

"முழங்காலும் இல்லை, கணுக்காலும் இல்லை. என் சடையில கொஞ்சம், உன் மூக்குமேல கொஞ்சம். ஆனா பெஞ்சுதுடா."

"அப்பா?"

அக்கா இப்போதுதான் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"சிரிச்சார். அந்தக் கிடங்கே கிடுகிடுன்னு ஆடிச்சு. பெட்டியில இருந்த மீனெல்லாம் முழிச்சுக்கிச்சு, போ."