நிமிர்த்தி வைத்த கோதுகள்

"உன்ரை பித்தளைக் கோப்பையளிலை பாதி கவிண்டு கிடந்தது, துஷாரா. நான் எல்லாத்தையும் வடிவா நிமித்தி வைச்சனான்" என்றார் சிவகாமி மச்சாள், பாணுக்குள் சம்பலை வைத்து மடித்தபடி.

"எப்ப மச்சாள்?"

"நேற்றுப் பின்னேரம். நீ எனக்குச் சாப்பாடு சூடாக்கப் போனனியெல்லோ, அப்ப. என்ன, முகம் ஒரு மாதிரிப் போகுது?"

மச்சாள் என் கணவர் பிரசாந்தனின் அக்கா. நோர்வேயின் வடக்கே துரொண்ட்ஹெய்ம் நகரில் பஸ் ஓட்டுகிறார். எதையும் ஒழுங்கில்லாமல் பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியாது. எங்கள் வீட்டுக்கு வந்தால் செருப்புகள் வாசலில் சோடி சோடியாக அணிவகுத்து நிற்கும். அவர் கோப்பைகள் என்று சொன்னவை ரிவோல்வர் ரவைகளின் வெற்றுக் கோதுகள். பிரசாந்தனும் நானும் சுடும் கழகத்தில் பத்து வருடமாக அங்கத்தவர்கள். சுடுவதில் அவருக்கு ஆசை. எனக்கு ரவை செய்வதில்.

ஒரு ரவையில் நான்கு பகுதிகள்தான். பித்தளைக் கோது, அதன் அடியில் தீப்பொறி தரும் சின்னக் கேப்பு, உள்ளே வெடிமருந்து, வாயில் குழலால் பறந்து போகும் ஈயச் சன்னம். சுட்ட கோதைக் கழுவி, பழைய அளவுக்கு ஒடுக்கி, புதுக் கேப்பு வைத்து, மருந்தை அளந்து போட்டு, சன்னத்தை அழுத்தி மூடினால் அதே கோது மறுபடியும் ரவையாகிவிடும். மருந்து போடும்போது எனக்கென்று ஒரு வழக்கம் உண்டு. ஐம்பது துளைகள் கொண்ட மரத்தட்டில் எல்லாக் கோதுகளையும் முதலில் கவிழ்த்து வைப்பேன். ஒவ்வொன்றாக எடுத்து, மருந்தை நிரப்பி, நிமிர்த்தி வைப்பேன். கவிழ்ந்தது என்றால் வெறுமை, நிமிர்ந்தது என்றால் மருந்து. கடைசியில் ரோச் லைற்றை அடித்து ஐம்பது வாய்களையும் பார்த்துவிட்டுத்தான் மூடுவேன்.

நேற்று மருந்து போட்டுக்கொண்டிருந்தபோது மச்சாள் மணியடித்தார். இன்று வரவேண்டியவர், ஒருநாள் முன்னதாகவே வந்துவிட்டார். அவர் படுக்க இருந்ததும் நான் ரவை செய்யும் அறையில்தான். அவருக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு, மேசையைக் காலி செய்யும் அவசரத்தோடு திரும்பி வந்தேன். ஐம்பதும் நிமிர்ந்து நின்றன. முடித்துவிட்டுத்தான் எழும்பியிருக்கிறேன் என்று நினைத்தேன். ரோச் லைற் அடிக்கவில்லை. ஐம்பது சன்னங்களையும் அழுத்தி மூடினேன்.

அந்த ஐம்பது ரவைப் பெட்டியோடு பிரசாந்தன் காலையில் லில்லெஸ்ட்ரோமுக்குப் போட்டிக்குப் போய்விட்டார்.

மணி பதினொன்று பத்து. போட்டி பதினொன்றுக்குத் தொடங்கியிருக்கும். அவருக்கு அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சுடும்போது கைபேசியைப் பையில் வைத்து, காதுக் கவசம் போட்டுவிடுவார்கள். போட்டியை நடத்தும் நோராவுக்கு அழைத்தேன். அவரும் எடுக்கவில்லை.

"மச்சாள், உங்கடை காரை எடுங்கோ. இப்பவே."

"சாப்பிட்டிட்டு..."

"உங்கடை தம்பியின்ரை கை போயிடும்!"

மச்சாள் பாணைக் கையோடு எடுத்துக்கொண்டே ஓடி வந்தார்.

ஸ்தோவ்னெரில் எங்கள் வீட்டில் இருந்து லில்லெஸ்ட்ரோமுக்கு இருபது நிமிடம். தூறல் விழுந்துகொண்டிருந்தது. மச்சாள் பஸ் ஓட்டுவதைப் போலவே கார் ஓட்டினார். எழுபது என்று பலகை சொன்னால் எழுபது.

"கொஞ்சம் கூட அமத்துங்கோ."

"கமெரா இருக்கு. பிடிச்சானெண்டா என்ரை லைசென்சும் போகும், வேலையும் போகும். நீ எனக்கு விளங்கப்படுத்து. மருந்து இல்லாட்டி வெடிக்காதுதானே? வெடிக்காட்டி என்ன ஆபத்து?"

"மருந்து இல்லாட்டியும் கேப்பு இருக்கு மச்சாள். அது சின்னதா ஒரு அடி அடிக்கும். சன்னத்தைக் கோதுக்குள்ளை இருந்து தள்ள அது காணும். குழலுக்கு வெளியிலை அனுப்பத்தான் காணாது. ஈயம் மெதுமையெல்லோ, குழலுக்குள்ளை நடுவிலை போய் இறுகிப்போய் நிண்டிடும்."

"சரி, நிண்டால்?"

"அடுத்த ரவையிலை மருந்து இருந்தால்? அந்தச் சன்னம் வேகமா வந்து முன்னுக்கு நிக்கிறதிலை மோதும். பின்னாலை இருக்கிற அமுக்கத்துக்குப் போக வழியில்லை. குழல் வெடிக்கும்."

மச்சாள் கண்ணாடித் துடைப்பானின் வேகத்தைக் கூட்டினார்.

"எல்லாம் வெறும் ரவையெண்டா?"

"ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டா வந்து இறுகும். ஆனா அடுத்தடுத்து வெறுமையாத்தான் வரும் எண்டு என்ன நிச்சயம்? பெட்டியை எந்தப் பக்கத்தாலை திறப்பார், ஒரு சுற்றுக்கு எங்கையிருந்து எடுப்பார், ஒண்டும் தெரியாது."

"சத்தத்திலை பிடிபடாதோ?"

"எட்டுப் பேர் ஒண்டாச் சுடுவினம் மச்சாள். காதும் மூடியிருக்கும். பன்னிரண்டு விநாடிக்குள்ளை ஆறு சுடோணும்."

"நிறுத்துப் பாத்தாத் தெரியாதோ, கனம் குறைவெண்டு?"

நல்ல கேள்வி. பதற்றத்திலும் பதில் தன்பாட்டில் வந்தது. மெதுமையான ஈயத்தை வேகமாகத் தள்ளினால் அது குழலின் உட்சுவரில் பூசிக்கொள்ளும். அதனால் மருந்தைக் குறைத்துத்தான் போடுவோம். எங்கள் ரிவோல்வருக்கான மக்னம் கோதோ நீளமானது. அதன் அடியில் மருந்து ஒரு சிட்டிகைபோலக் கிடக்கும். பித்தளைக் கோதுகள் ஒன்றுக்கொன்று கனத்தில் வேறுபடும், வார்த்த ஈயச் சன்னங்களும் அப்படித்தான். அந்த வேறுபாட்டுக்குள் மருந்தின் கனம் தொலைந்துபோகும். கண்ணால் பார்ப்பது ஒன்றுதான் வழி.

"எத்தினை கவிண்டு கிடந்தது மச்சாள்? யோசிச்சுச் சொல்லுங்கோ."

"ரெண்டு வரிசை... மூண்டாவதும் கொஞ்சம். எண்ணேல்லையே பிள்ளை, நான் என்ன கண்டனானோ?"

லில்லெஸ்ட்ரோமைத் தாண்டிக் காட்டுப்பாதையில் திரும்பினோம். வெடிச்சத்தம் கேட்டது. பன்னிரண்டு விநாடிக்குள் நாற்பது, ஐம்பது சத்தம், பிறகு அமைதி. ஒரு சுற்று முடிந்திருக்கிறது. அந்த அமைதியில் யாரும் அலறவில்லை என்பதைக் கவனித்துக் கேட்டேன்.

கார் நிற்குமுன் கதவைத் திறந்தேன். மரக்கொட்டகையின் பின்பக்கத்தால் ஓடும்போதே மறு சுற்று தொடங்கிவிட்டது. எட்டு முதுகுகள். இடமிருந்து மூன்றாவது பிரசாந்தனின் நீல மழையங்கி. அவருடைய கைகள் ஒருமுறை உதறின. மறுபடி உதறின. மறுபடியும்.

"ஸ்தான்ஸ்!" என்று கத்தினேன். "ஸ்தான்ஸ்! ஸ்தான்ஸ்!"

நிறுத்து என்பதற்கு இங்கே அதுதான் சொல். கழகத்தில் முதல்நாளே சொல்லித் தருவார்கள். அந்தச் சொல்லை வேடிக்கை பார்க்க வந்தவர்கூடக் கத்தலாம், கேட்டதும் எல்லா விரல்களும் விசையை விட்டு விலகவேண்டும். பத்து வருடத்தில் நான் கத்தியது அதுவே முதல்தடவை. ஏதோ ஒரு வெடி தனியாகக் கேட்டது. பிறகு மழை மட்டும்.

பிரசாந்தன் ரிவோல்வரைக் கீழ்நோக்கிப் பிடித்தபடி தலையை மட்டும் திருப்பினார். "என்னப்பா இது? பைத்தியமே?"

"அந்த ரவையைச் சுடாதேங்கோ. வெறும் ரவை இருக்கு அதுக்குள்ளை."

நோரா வந்தார். அறுபதைத் தாண்டியவர், அவசரமில்லாதவர். நான் நோர்வேஜிய மொழியில் நான்கு வசனத்தில் சொன்னதை இடைமறிக்காமல் கேட்டார். ரிவோல்வரின் உருளையைத் திறந்து ஆறையும் வரிசை மாறாமல் வெளியே எடுத்தார். மூன்று சுட்டவை, மூன்று சுடாதவை. நீண்ட பித்தளைக் கோல் ஒன்றைக் குழலின் வாயில் வைத்து இறக்கினார். கோல் எங்காவது முட்டி நிற்குமா என்று நான் அதன் நுனியையே பார்த்தேன். அது தடையில்லாமல் மறுபக்கம் வந்தது.

"இதோடு இருபத்தேழு சுட்டிருக்கிறார்" என்றார் நோரா. "மீதியைப் பார்ப்போம்."

கழக வீட்டுக்குள் ரவையைப் பிரிக்கும் சுத்தியல் ஒன்று இருந்தது. ரவையை அதன் வெற்றுத் தலைக்குள் பொருத்தி மரக்கட்டையில் ஓங்கித் தட்டினால், வந்த வேகத்திலேயே சன்னம் கழன்று விழும், மருந்தும் கூடவே கொட்டும். அடுத்துச் சுடவிருந்த ரவையை முதலில் தட்டினேன். சன்னமும் சாம்பல்நிற மருந்தும் விழுந்தன. பிரசாந்தன் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். இரண்டாவதைத் தட்டினேன்.

சன்னம் மட்டும் விழுந்தது.

மூன்றாவதிலும் அப்படியே.

"இன்னும் ரெண்டு விநாடி விட்டிருந்தா இதைச் சுட்டிருப்பன்" என்றார் பிரசாந்தன். பிறகு வாங்கில் உட்கார்ந்து, தன் வலதுகையை மடித்தும் விரித்தும் பார்த்தார்.

"தம்பி, நான்தான்ரா" என்று மச்சாள் அழத் தொடங்கினார். "சும்மா இருக்கேலாமல் எல்லாத்தையும் நிமித்தி வைச்சன். என்ரை கையைத்தான் முறிக்கவேணும்."

"உங்களிலை பிழையில்லை மச்சாள்" என்றேன். "நீங்கள் நிமித்தினீங்கள். பாக்காமல் மூடினது நான்."

"ஓம், அவள்தான்" என்றார் பிரசாந்தன். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

வெளியே மற்ற ஏழு பேரும் அந்தச் சுற்றைத் திரும்பச் சுடத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். நோரா அந்தப் பெட்டியில் மிஞ்சிய இருபதையும் தனியே எடுத்து வைத்து, போட்டிக் குறிப்பில் ஏதோ எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

"அவருடைய பையில் இன்னும் இரண்டு பெட்டி இருக்கின்றன. அவையும் நீங்கள் செய்தவையா?"

"புதன்கிழமை செய்தவை. அன்று யாரும் வரவில்லை. லைற் அடித்துப் பார்த்தேன்."

"நிச்சயமாக?"

வாயைத் திறந்தேன். புதன்கிழமை அந்த மேசையில் நான் குனிந்து நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது. லைற் அடிப்பதும் தெரிந்தது. ஆனால் அது புதன்கிழமை அடித்ததா, அதற்கு முந்திய கிழமையா? நேற்றுக்கூட, யாராவது கேட்டிருந்தால், முடித்துவிட்டுத்தான் எழும்பினேன் என்று சத்தியம் செய்திருப்பேன்.

"தெரியாது" என்றேன்.

பிரசாந்தன் தன் பெயரைப் போட்டியிலிருந்து எடுத்துக்கொண்டார். நாங்கள் மூவரும் கழக வீட்டு மேசையில் உட்கார்ந்தோம். அவர் ரவையை எடுத்துத் தந்தார், நான் தட்டினேன், மச்சாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சத்தமாக எண்ணினார். கோதுகள் ஒரு தட்டில், சன்னங்கள் இன்னொன்றில், மருந்து ஒரு கண்ணாடிப் போத்தலில். முதல் பெட்டி முடிந்தது. ஐம்பதிலும் மருந்து இருந்தது. இரண்டாவதில் இருபதைத் தாண்டியும் எல்லாம் சரியாகவே இருந்தன.

"காணும் துஷா. உன்ரை தோள் நோகப்போகுது. இதெல்லாம் சரியாத்தானே கிடக்கு" என்றார் பிரசாந்தன்.

"தாங்கோ" என்று கையை நீட்டினேன்.

"எழுபத்தி மூண்டு" என்றார் மச்சாள்.